கிணற்றில் கால் பங்கு

அந்தோனிமுத்து கெட்டுப்போனது உண்மை சொன்னதால். வேறு எந்தக் குற்றமும் அவன் செய்யவில்லை. டென்மார்க்கில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் போய், கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். அதற்கு இரண்டு வருடமும் ஒரு மாதமும் தண்டனை. பொய் சொன்னவர்களுக்கும் அதே தண்டனைதான் கிடைத்தது என்பதால், பாரபட்சம் காட்டினார்கள் என்று மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஹேர்னிங்கில் ஒரு துணித் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வயது முப்பத்தொன்று. அகதி என்று ஏற்றுக்கொண்டு விசாவும் கொடுத்திருந்தார்கள். இனி ஊரில் இருக்கும் மனைவி விமலராணியைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதை நம்பி, 1987ஆம் ஆண்டு யூலை பதினான்காம் திகதி விண்ணப்பம் போட்டான்.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லி வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது தெரிந்ததுதான். கந்தோருக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் முதலில் எழுத்து நடக்கும். பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைப்பார்கள், சட்டப்படி அன்றே புருசன் பெண்சாதி. அதே நாளில் நொத்தாரிசு முன்னால் பெண்ணின் தகப்பன் சீதன உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். பிறகு எல்லோரும் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகத் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாதா கோயிலில் பங்குச் சுவாமி ஆசீர்வதித்துக் கலியாணம் நடக்கும்வரை, அவன் அந்த வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி கிடைக்கும். பக்கத்திலே பெண்ணின் தமையனும் கிடைப்பான்.

அந்தோனிமுத்துவின் எழுத்து 1985 மே மாதம். கோயில் கலியாணம் ஓகஸ்ட் மாதம் என்று பேச்சு. இடையில் ஆமிக்காரர் ஊரில் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் மாதம் அவன் டென்மார்க்கில் நின்றான். விமலராணி இளவாலையில் நின்றாள்.

பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே திறந்த கந்தோர் அது. கொப்பன்ஹேகனில் மூன்றாம் மாடி. ஹேர்னிங்கில் இருந்து போவதென்றால் அரை நாள் போய்விடும். ரயில் நடுவிலே கப்பலுக்குள் ஏறிக் கடல் கடந்து மறுகரையில் இறங்க வேண்டும். நவம்பர் மாதம் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தோனிமுத்து தொழிற்சாலையில் லீவு எடுத்து, இருந்த ஒரே கோட்டையும் போட்டுக்கொண்டு போனான்.

அதிகாரியின் பெயர் ஹோல்கர் ப்ரூன். நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கந்தோரில் எல்லோருமே நல்ல மனிதர்கள். ஒருத்தரும் சத்தம் போட மாட்டார்கள். ப்ரூன் மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தந்து, என்னை ஹோல்கர் என்றே கூப்பிடுங்கள் என்றார். அன்றைக்குக் கோப்பியோடு இரண்டு பிஸ்கற் இருந்தது.

மொழிபெயர்க்க வந்தவர் கோல்டிங்கில் இருந்த இராசரத்தினம். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். ப்ரூன் என்ன பேசினாலும் அது அவர் வாயால் கச்சேரித் தமிழாகத்தான் வெளியே வரும். எந்தத் திகதியில் விவாகம் நிறைவேறியது என்று ப்ரூன் கேட்டார்.

"எழுத்து முடிஞ்சுது. கலியாணம் இன்னும் நடக்கேல்லை" என்றான் அந்தோனிமுத்து.

இராசரத்தினம் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தார். ப்ரூனின் பேனை அப்படியே நின்றது. மனைவியோடு எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்று கேட்டார். ஒரு நாளும் இல்லை என்றான் அந்தோனிமுத்து. ஏன் என்று கேட்டபோது அவனுக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. கோயில் கலியாணம் முடியாமல் எப்படி? விமலராணி வீட்டு ஆட்களை இந்த மனிதர் என்னவென்று நினைத்தார்?

வெறும் வாய்ப்பேச்சுக் காணாதோ என்று பட்டது. கையில் முத்திரை குத்திய கடதாசி இருக்கும்போது ஏன் யோசிக்க வேண்டும் என்று சீதன உறுதியை எடுத்து நீட்டினான். அந்தோனிமுத்து செய்த இரண்டாவது பிழை அது. "நடக்கவிருக்கும் விவாகத்தை முன்னிட்டு" என்று தொடங்குகிற உறுதி. நாலு பரப்புக் காணி, அதிலுள்ள கல்வீடு, ஏழு பனை, ஒரு தையல் மெசின், கிணற்றில் கால் பங்கு. எல்லாம் மகள் விமலராணிக்கே உரியது என்று தகப்பன் சந்தியாப்பிள்ளை கையெழுத்து வைத்திருந்தார்.

ப்ரூன் மொழிபெயர்ப்பை இரண்டு தரம் வாசித்தார். இது எங்கள் நாட்டில் 'எக்டபாக்ட்' என்று சொல்லும் கலியாண உடன்படிக்கை அல்லவா என்றார். அவருடைய முகத்தில் துக்கம் தெரிந்தது.

"எமது நாட்டில் காதல் முன்னே வரும், கடதாசி பின்னே வரும். உமது விடயத்தில் கடதாசி வந்துவிட்டது. காதல் வந்ததற்கு உமது விண்ணப்பக் கோவையில் ஆதாரம் இல்லை. ஒருவரை ஒருவர் நம்பாத இருவர், கூடுவதற்கு முன்பே பொருளைப் பிரித்துக்கொண்டுள்ளனர். பின்னர் கூடவும் இல்லை."

இங்கே ஒருத்தரும் இப்படி எழுதுவதில்லையா என்று அந்தோனிமுத்து கேட்டான். ப்ரூனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏன் இல்லை, அவரே எழுதியிருக்கிறாராம். கடற்கரை வீடு அவருடையது, பியானோ மனைவியுடையது, நாய் பொது. கையெழுத்து வைத்த நாளில் இருந்து புருசன் பெண்சாதிக்குள் மருந்துக்கும் சந்தேகம் கிடையாதாம். மனைவி அந்த வீட்டைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, எழுதியிருக்கிறதே, எப்படிக் கேட்பாள் என்றார். பிறகு, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல விரலை மடக்கிச் சொன்னார்:

"உடன்படிக்கையின் தத்துவம் எளியது. என்ன பொருள், அது யாருடையது, எந்தத் திகதி முதல் யாருடைய பொறுப்பில் உள்ளது. இந்த மூன்றையும் நேர்மையாக எழுதிவிட்டால் உலகில் வழக்கே இராது."

வெளியே வந்ததும் இராசரத்தினம் பாய்ந்தார். கட்டியாச்சு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, நீர் ஏன் உந்தக் கதையைச் சொன்னனீர் என்றார். அது பொய்யல்லவா என்றான் இவன். சட்டப்படி அதுதான் உண்மை, நீர் சொன்னதுதான் பொய் என்றார் அவர்.

"அப்ப அண்ணை, அதை உள்ளுக்கை நீங்கள் அவருக்குச் சொல்லியிருக்கலாமே?"

"தம்பி, நான் குழாய். இந்தப் பக்கத்தாலை ஊத்தினால் அந்தப் பக்கத்தாலை வரும். குழாய் நியாயம் கதைக்கப் படாது."

ஜனவரி மாதம் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்து உறுதியை டென்மார்க் ஏற்காது. தம்பதியர் டேனிஷ் முறைப்படி புதிய உடன்படிக்கை எழுத வேண்டும். இருவரும் ஒரே அறையில், அதிகாரி முன்னிலையில், நேரில் கையெழுத்து இட வேண்டும். அது கிடைத்த பின்னர் மனைவி டென்மார்க்குக்கு வருவது பற்றி ஆலோசிக்கப்படும்.

அந்தோனிமுத்து மறுபடியும் ரயில் ஏறி, கப்பல் ஏறிப் போனான். மனைவி வந்தால்தான் கையெழுத்து, கையெழுத்து வைத்தால்தான் மனைவி, நான் என்ன செய்ய என்று கேட்டான். இந்த முறை அப்பிள் கேக் இருந்தது. இது ஒரு சவால் என்பதைக் கந்தோர் மறுக்கவில்லை என்று ப்ரூன் அன்போடு சொன்னார். சொல்லிவிட்டு, கிணற்றுக்கு வந்தார். கால் பங்கு என்றால் எந்தக் கால் பங்கு?

கிணற்றை யாரும் வெட்டிப் பிரிப்பதில்லை, நாலு வீட்டுக்குப் பொதுக் கிணறு, முறை வைத்து இறைப்பார்கள், திங்களும் வியாழனும் விமலராணி வீட்டு முறை என்று அந்தோனிமுத்து விளக்கினான். ப்ரூன் அதை எழுதிக்கொண்டார். மூன்று கிழமையில் இன்னொரு கடிதம். மீதி முக்கால் பங்குக்காரர் மூவரிடமும் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கவும். ஒருத்தர் ஜேர்மனியில், ஒருத்தர் கனடாவில். மூன்றாமவர் பக்கத்து வளவிலேயே இருந்தார். ஆனால் வேலிச் சண்டையில் பத்து வருடமாகச் சந்தியாப்பிள்ளையோடு முகம் பார்ப்பதில்லை. ஊரிலே ஆமிக்காரன் தெருவில் நிற்கிறான், ஆட்கள் செல் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் படுத்திருக்கிறார்கள், இவர்களுக்குக் கிணற்றுப் பங்குக்காரனின் கையெழுத்து வேண்டுமாம்.

பெப்ரவரி கடைசியில் விமலராணியின் கடிதம் வந்தது. ஒக்டோபரில் எழுதியது, ஊரைவிட்டு வெளிக்கிட அதற்கு நாலு மாதம் பிடித்திருந்தது.

"இஞ்சேருங்கோ, வீட்டிலை செல் விழுந்திட்டுது. ஒருத்தருக்கும் காயமில்லை. ஒரு பக்கச் சுவர் அப்படியே கிணத்துக்கை. நாங்கள் கோயில் பள்ளிக்கூடத்திலை நாப்பது குடும்பத்தோடை இருக்கிறம். அப்புவுக்கு நீரிழிவு வருத்தம் கூடியிருக்கு. நீங்கள் எப்பவாவது என்னைத் துரத்தினால், வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும் எண்டுதான் அப்பு அந்த வீட்டை எனக்கு எழுதினவர். இப்ப சாத்திறதுக்குக் கதவு இல்லை. ஆனபடியால் துரத்துற யோசினை இருந்தால் முதல் கூப்பிடுங்கோ. பிறகு துரத்துங்கோ."

அதை வாசித்துவிட்டு அந்தோனிமுத்து கட்டிலில் இருந்து சிரித்தான், பிறகு அழுதான். உடனே ஒரு நம்பிக்கையும் வந்தது. வீடில்லாமல் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் எந்த மனிதனும் அவசரப்படுவான்தானே. ப்ரூன் நல்ல மனிதராயிற்றே. கடிதத்தையே கொண்டுபோய்க் கொடுத்தான்.

ப்ரூனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கிறீம் கேக் வெட்டிக் கொடுத்தார். கேக்கின் அளவைப் பார்த்தே செய்தி எவ்வளவு கெட்டது என்று கண்டுபிடிக்க அந்தோனிமுத்து அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான்.

"உடன்படிக்கையில் கண்ட சொத்தின் நிலைமை மாறியுள்ளது" என்றார் ப்ரூன். "செல் விழுந்ததற்கு முதல் நாள் வீட்டின் பெறுமதி, மறுநாள் பெறுமதி, இரண்டையும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை உமது கோவையை உடன்படிக்கை உள்ளோர் அலுமாரித் தட்டில் வைப்பது நீதியாகாது. உடன்படிக்கை அற்றோர் தட்டுக்கு மாற்றுகிறோம். அங்கே நீர் புதியவர். புதியவரை அடியில்தான் வைப்பது."

சொன்னபடியே எழுந்துபோய், அவனுடைய கண் முன்னாலேயே அலுமாரியைத் திறந்து, மேலே இருந்த கோவையை எடுத்து அடியில் செருகினார். அலுமாரி நிறையக் கோவைகள். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். இவற்றை வாசிக்க ஆளில்லை, இடம் மாற்றத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அந்த நிமிடம் விளங்கியது. கிடக்கட்டும் என்று மேலே யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார், கேட்டவரும் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்க மாட்டார். விமலராணியின் கிணற்றுக்கு மட்டும் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

மே மாதம் கந்தோர் ஒரு கருத்தரங்கு வைத்தது. "கலியாணத்துக்கு முன் உடன்படிக்கை அவசியமா?" என்பது தலைப்பு. அனுபவமுள்ளவர் என்று அந்தோனிமுத்துவுக்கும் அழைப்பு. ரயில் ரிக்கற்கூட அனுப்பியிருந்தார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். பாண் ரொட்டித் துண்டுகளுக்கு மேல் மீனும் முட்டையும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதலில் ஒரு வழக்கறிஞர் பேசினார். உடன்படிக்கைதான் உண்மையான காதல் என்றார். அவர் மூன்று தரம் உண்மையாகக் காதலித்தவராம், மூன்று தரமும் வீடு அவரிடமே மிஞ்சியதாம். அடுத்தது ஒரு பாதிரியார். அன்பு கணக்குப் பார்க்காது என்றார். ஆனால் வழக்கறிஞர் தனக்குரிய நேரத்தில் நாலு நிமிடத்தைத் தின்றுவிட்டார் என்று கோபித்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவதாக ஓர் உளவியல் அம்மா. கையெழுத்து வைப்பது முக்கியமல்ல, தம்பதியர் ஒரே மேசையில் இருந்து அதைப் பற்றி மனம் விட்டுக் கதைப்பதே முக்கியம் என்றார். சபை உருகிப்போனது. பிறகு வாக்கெடுப்பு நடத்தி, தொடர்ந்து ஆலோசிப்பது என்று முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பதாகத் தீர்மானித்தார்கள்.

அந்தோனிமுத்துவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவன் பேசப் பேச இராசரத்தினம் மொழிபெயர்த்தார்.

"எங்கடை ஊரிலை உந்த உறுதியை எழுதுறது பெட்டையின்ரை தகப்பன். தன்ரை பிள்ளை தெருவிலை நிக்கக் கூடாது எண்டு எழுதுறது. இப்ப அவள் தெருவிலைதான் நிக்கிறாள். எழுதினதாலையும் இல்லை, எழுதாமல் விட்டதாலையும் இல்லை. நீங்கள் விடாததாலை. ஒரே மேசையிலை இருந்து கதைக்கச் சொல்லுறீங்கள். ஓம், கதைக்கிறம். அவளை விடுங்கோ."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவர் மிகவும் நெகிழ்ந்துபோய், இது இன்றைய தலைப்புக்கு வெளியே உள்ள விடயம் என்று சொல்லி, ஒரு வைன் போத்தல் பரிசாகக் கொடுத்தார். அந்தோனிமுத்து அதைக் கப்பலில் ஒரு வாங்குப் பலகையின் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலுக்குள் ஏறிவிட்டான்.

அடுத்த மாதம் சந்தியாப்பிள்ளை செத்துப்போனார். பாதை மூடியிருந்ததால் மருந்தெடுக்கப் போக முடியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாங்கு ஒன்றிலேயே உயிர் போனது. கோயிலில் மகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுக்கும்போது உடுப்பதற்கென்று அவர் பட்டு வேட்டி ஒன்று வைத்திருந்தாராம். அதைத்தான் உடுத்திவிட்டோம் என்று விமலராணி எழுதியிருந்தாள். இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை.

அந்தோனிமுத்து இந்த மரணத்தைக் கந்தோருக்கு அறிவிக்கவில்லை. உறுதி எழுதிக் கொடுத்தவர் இல்லை என்று தெரிந்தால் அதற்கும் ஒரு தட்டு இருக்கும். அதற்கும் ஒரு கேக் இருக்கும். வாயை மூடிக்கொண்டு துணி மெசினோடு மாரடித்தான். அந்தச் சத்தத்துக்குள் அவன் ப்ரூனைப் பேசிய பேச்செல்லாம் இங்கே எழுதக் கூடியதல்ல.

1989ஆம் ஆண்டு பத்திரிகைக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார்கள். தமிழருடைய விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருக்கின்றன என்று எழுதினார்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. அலுமாரிகள் திறந்தன. ஓகஸ்ட் பதினான்காம் திகதி அந்தோனிமுத்துவின் கையில் அனுமதி. மதிப்பீட்டாளரைக் கேட்கவில்லை. முக்கால் பங்குக்காரரைக் கேட்கவில்லை. புது உடன்படிக்கையைக் கேட்கவில்லை. ஒரு பக்கக் கடிதம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டிருந்த மனிதன் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். இவ்வளவும் தேவையே இல்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

செப்டம்பரில் விமலராணி வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். விமான நிலையத்தில் அவனைப் பார்த்ததும் முதலில் சொன்னது, கோட்டு உங்களுக்குப் பெரிசாய்க் கிடக்கு என்பதுதான். சனிக்கிழமை ஹேர்னிங்கில் கோயில் கலியாணம் என்று சுவாமியோடு பேசி வைத்திருந்தான். அதற்கு முன், விசாவில் முத்திரை குத்தவும் கோவையை மூடவும் என்று கந்தோர் இருவரையும் கூப்பிட்டது.

மேசையில் மூன்று தட்டுக் கிறீம் கேக், மேலே சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். அந்தோனிமுத்து அதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். விமலராணிதான் அவனுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். ப்ரூன் எழுந்து நின்று பேசினார்.

"தாமதம் ஏற்பட்டுள்ளது. யாரும் ஏற்படுத்தவில்லை, ஏற்பட்டுள்ளது. அதைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே பார்ப்பதே நமது பண்பு. சனிக்கிழமை உங்கள் விவாகம் என அறிந்தேன். எனவே ஒரு சிறு அன்பளிப்பு."

ஒரு கடதாசியை நீட்டினார். கலியாண உடன்படிக்கைப் படிவம். இப்போது கட்டாயம் இல்லையாம். ஆனால் கலியாணத்துக்கு முன்னால், ஒரே அறையில், இருவரும் நேரில் இருக்கும் இந்தச் சந்தர்ப்பத்தைத் தவற விட வேண்டாமாம். பொருள், உரியவர், பொறுப்பு என்று மூன்று பெட்டிகள் இருந்தன. விமலராணி அவை என்னவென்று கேட்டாள். இராசரத்தினம் விளக்கினார். பேனை தரச் சொல்லி வாங்கி, மடியில் வைத்து நிதானமாகத் தமிழில் எழுதினாள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லி இராசரத்தினத்திடம் கொடுத்தாள்.

பொருள்: இரண்டு வருடமும் ஒரு மாதமும். அதற்குள் என் அப்புவின் கடைசி வருடமும் இருக்கிறது. உரியவர்: நாங்கள் இரண்டு பேரும். பொறுப்பு: 1987 யூலை 14 முதல் இந்தக் கந்தோர் அலுமாரி.

இராசரத்தினம் டேனிஷ் மொழியில் வாசித்தார். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. குழாய் மட்டும் இடையில் இரண்டு தரம் அடைத்தது.

ப்ரூன் கடதாசியைக் கையில் வாங்கினார். மிகவும் நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்றார். இதைப் பரிசீலிக்க வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கடதாசியை எடுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனார்.

விமலராணி எழுந்து போய் அதை அவருடைய கையில் இருந்து வாங்கினாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"உங்களிட்டை விட்டிட்டுப் போறதுக்கு எங்களிட்டை இன்னொரு வருசம் இல்லை" என்றாள்.

யாரும் கேட்காமலே இராசரத்தினம் அதையும் மொழிபெயர்த்தார். கேக்கை ஒருத்தரும் தொடவில்லை.

சனிக்கிழமை ஹேர்னிங்கில் கலியாணம் நடந்தது. தகப்பன் இல்லாத பெண்ணை ஆர் கூட்டிக்கொண்டு வாறது என்று சுவாமி கேட்டார். தான் வருகிறேன் என்று இராசரத்தினம் முன்னுக்கு வந்தார். விமலராணி வேண்டாம் என்று தலையாட்டினாள். வலப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, தனியாகவே நடந்து வந்தாள்.